இரண்டு கிளாவர் என்றால் கிளாவர் அல்ல!



பள்ளியில் குழூஉக்குறி படித்திருப்பீர்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். அந்தக் கூட்டத்தாருக்கு மட்டும்தான் பொருள் விளங்கும். பிரிட்ஜ் சீட்டாட்டத்திலும் குழூஉக்குறிகள் உண்டு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக. நால்வர் ஆடுவது, எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். கிளாவர், டைமண்ட், ஹார்ட்டின், ஸ்பேட் என்று வரிசை ஏறும். உச்சியில் துருப்பே இல்லாத 'நோ டிரம்ப்'. ஏலக் கேள்விகள் 35. பாஸ், டபுள், ரீடபுள் சேர்த்து மொத்தம் 38. இவை தவிர ஒரு சொல் பேசக் கூடாது. ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் 1925-இல் ஒரு கப்பல் பயணத்தில் வகுத்த புள்ளிமுறையிலிருந்து இன்றைய வடிவம் வளர்ந்தது.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று கணக்கிட்டால் கட்டு முழுவதும் 40. எதிரி 15 முதல் 17 வரை வைத்துக்கொண்டு '1 நோ டிரம்ப்' என்கிறார். நாம் சும்மா இருந்து, அவர் சொன்ன 7 பிடியை எடுத்துவிட்டால் அவருக்கு 90 புள்ளி. நாம் '2 ஸ்பேட்' என்று புகுந்து ஒரு பிடியில் தோற்றால், சாதாரண நிலையில் நமக்கு நஷ்டம் 50தான். தோற்றும் 40 லாபம்! ஆனால் கையில் ஹார்ட்டினும் ஸ்பேடும் சமமாக இருந்தால் எதைச் சொல்வது? கூட்டாளியிடம் இருப்பது மற்றதாக இருந்தால் என்ன ஆகும்?

இதற்கு வழி கண்டவர் ஆல்வின் லேண்டி. அமெரிக்க கான்டிராக்ட் பிரிட்ஜ் லீக்கின் நிர்வாகச் செயலாளராக இருந்தவர். அவர் ஏற்பாட்டில் '2 கிளாவர்' என்றால் கிளாவர் அல்ல. "ஹார்ட்டின், ஸ்பேட் இரண்டும் இருக்கின்றன, நீயே தேர்ந்துகொள்" என்று பொருள். ஏன் கிளாவர்? இரண்டாம் படியில் அதுதான் கடைசி. அதற்கு மேல் கூட்டாளி பதில் சொல்ல இடம் இருக்கிறது. உண்மையான கிளாவரைச் சொன்னாலோ எதிரி எளிதில் அதைத் தாண்டிவிடுவார். ஆகவே இழப்பது குறைவு.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அலிங்கர், ஸ்டெர்ன், ராஸ்லர் என்ற மூவர் பெயரிலும் எழுத்தெடுத்துக் கோத்த 'ஆஸ்ட்ரோ'. ஒரே முறைக்குக் 'கேப்பலெட்டி' என்றும் 'ஹாமில்டன்' என்றும் இரு பெயர். இங்கிலாந்தில் 'பாட்டேஜ்' என்று மூன்றாவது பெயர். மார்ட்டி பெர்கன் இன்னும் துணிந்தார். எதிரியைத் தண்டிக்கும் டபுளையே கைவிட்டு, "என்னிடம் ஒரே நீண்ட வகை இருக்கிறது" என்று அதற்குப் பொருள் கொடுத்தார். பலமான நோ டிரம்ப்புக்கு எதிராகத் தண்டிக்கும் அளவு கை அபூர்வமாகத்தானே வரும்? பிரிட்டனில் வழக்கமான 12–14 நோ டிரம்ப் என்றால் கணக்கு வேறு. அங்கே அந்த டபுளை இழப்பது ஆபத்து. ஒவ்வொரு முறையும் எதையோ விட்டுத்தான் எதையோ பெறுகிறது.

இனி அந்த வித்தியாசம். பொற்கொல்லர் 'பறி'யை மறைக்கலாம். பிரிட்ஜில் மறைக்கக் கூடாது. '2 கிளாவர்' என்றால் என்ன என்று எதிரி கேட்டால், சொன்னவரின் கூட்டாளி ஒளிக்காமல் விளக்க வேண்டும். 1965-இல் ப்யூனஸ் அயர்ஸ் உலகப் போட்டியில், ஹார்ட்டின் எண்ணிக்கையை விரல்களால் காட்டியதாக பிரிட்டனின் ரீஸ், ஷாபிரோ ஜோடி மீது புகார் எழுந்தது. உலக அமைப்பு குற்றவாளிகள் என்றது. பிரிட்டனில் நடந்த விசாரணையோ 1966-இல் அவர்களை விடுவித்தது. அந்த விவாதம் எளிதில் ஓயவில்லை.

லேண்டியின் கிளாவரும் ஒரு சைகைதான். ஆனால் அது எதிராளிக்கும் தெரிந்த சைகை. குறியீடு தவறல்ல, ஒளிவுதான் தவறு. சீட்டாட்டம் கற்றுத்தரும் இந்தப் பாடம் மேசைக்கு வெளியேயும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பிரிட்ஜ் ஆடும் நண்பர்கள் யாராவது இருந்தால், நீங்கள் எந்த முறை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒளிக்காமல்!