ஏ.டி.பி. உட்காரும் குழி

   

1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் மட்டும் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டு எழுதினார்கள். மருத்துவமனைகளில் சி.எம்.எல். என்று சொல்லப்படும் நோய் அது.  அந்தக் குட்டைக் குரோமோசோம் நோய்க்கான மருந்தின் வழக்கு பிற்பாடு சென்னையில்தான் தொடங்கியது. அதற்கும் முந்தைய அத்தியாயம் ஒன்றும் சென்னையில்தான் தொடங்குகிறது.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். பீமவரம் அப்போது மதராஸ் ராஜதானியில் இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது கதர் உடுத்தப்போய் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. கொஞ்ச காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து அவர் முதலில் செய்தது, ரத்தத்திலும் திசுவிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஒரு முறை. 1925-இல் வெளிவந்தது. மாதிரியில் மாலிப்டேட்டைச் சேர்த்து, ஒடுக்கும் வேதிப்பொருள் ஒன்றையும் விட்டால் கரைசல் நீலமாகும். பாஸ்பரஸ் கூடக் கூட நீலம் அழுத்தமாகும். சாயப்பட்டறைக்காரர் நிறத்தைப் பார்த்தே சாயத்தின் அளவைச் சொல்வது போல, அந்த நீலத்தின் அழுத்தத்தை வைத்தே கணக்கு. உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்று பெயர் சொல்லிப் படிப்பது இதைத்தான். இந்த நீலத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு இருவரும் தசைக்குள் தேடினார்கள். 1927-இல் பாஸ்போகிரியேட்டின் அகப்பட்டது, 1929-இல் ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டறிந்தார்.

ஏ.டி.பி. என்றால் செல்லின் சக்திப் பணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாதிக் கதைதான் அது. செல்லுக்குள் செய்தி போவதும் பெரும்பாலும் ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டால்தான். வெளியிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து செல்லின் சவ்வில் இருக்கும் ஏற்பியைத் தொடுகிறது. உள்ளே கைனேஸ் என்னும் நொதி, ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி வேறொரு புரதத்தில் ஒட்டுகிறது. ஒட்டியதும் அந்தப் புரதம் வேலையில் இறங்குகிறது. வேலை முடிந்தால் இன்னொரு நொதி வந்து பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்கிறது. இதை 1950-களில் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் காட்டினார்கள். நோபல் வந்தது 1992-இல். சுப்பாராவ் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஹார்வர்டில் நிரந்தர வேலை அமையாமல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போய், ஃபோலிக் அமிலம், புற்றுநோய் மருந்துகள் என்று குவித்துவிட்டு 1948-இலேயே இறந்துபோனார்.

குட்டைக் குரோமோசோமின் குட்டு 1973-இல் உடைந்தது. ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று ஜேனட் ரௌலி கண்டார். அந்த ஒட்டில் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற கோளாறான கைனேஸ் பிறக்கிறது. அதற்கு நிறுத்தவே தெரியாது. யாரும் கேட்காமலே பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளணுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

மருந்து என்று நம்பிச் சொல்ல அப்போது அதிகம் இல்லை. நோயை வேரோடு போக்க எலும்பு மஜ்ஜை மாற்று ஒன்றுதான் வழி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அது 1986-இல் தொடங்கியது. பொருந்தும் மஜ்ஜை தர ஆளும் வேண்டும், கையில் பணமும் வேண்டும்.

இமாடினிப் என்ற மருந்து வந்ததும் நிலைமை தலைகீழானது. கைனேஸில் ஏ.டி.பி. உட்காருவதற்கென்று ஒரு குழி உண்டு. மருந்து முந்திப்போய் அதில் உட்கார்ந்துகொள்ளும். கைனேஸ் வாயடைத்து நிற்கும். மருத்துவர் பிரையன் டிரக்கர் 1998-இல் தொடங்கிய முதல் சோதனையில், தினம் 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேரின் ரத்த அணுக்கள் சீரடைந்தன. மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி தந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் அதை கிளிவெக் என்று விற்றது.

விற்ற விலைதான் சிக்கல். இந்தியாவில் அப்போது மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்து 8,000-லிருந்து 12,000-க்குள் கிடைத்தது. நோயாளிகள் பலருக்கு இலவசமாகவே தருகிறோம் என்றது நோவார்ட்டிஸ், தரவும் செய்தது. தருமமாகக் கிடைப்பதும் கடையில் வாங்க முடிவதும் ஒன்றல்ல என்று நோயாளிகள் தரப்பு சொன்னது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னையில் விண்ணப்பித்திருந்தது. 2004-இல் சென்னை உயர் நீதிமன்றம் மலிவு மருந்துக்குத் தடை போட்டது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தையே தள்ளியது. தெரிந்த பொருளின் புது வடிவம், பழையதைவிட நன்றாக நோயைக் குணப்படுத்தினால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுவனம் உயர் நீதிமன்றம் ஏறியது. 2007 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் வழக்கைத் தள்ளினார்கள்.  2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. படிகம் உடலில் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்ற வாதம், குணம் கூடியதற்குச் சான்றாக எடுபடவில்லை.

நோய் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கைனேஸின் 315-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், இமாடினிப் அந்தக் குழிக்குள் நுழைய முடியாது. டாசாடினிப், நிலோடினிப் என்று அடுத்தடுத்து வந்தவையும் அதே குழியைத்தான் குறிவைத்தன; அந்த ஒரு மாற்றத்திடம் அவையும் தோற்றன. பொனாடினிப் சமாளித்தது, ஆனால் ரத்தக்குழாய் அடைப்பு என்ற ஆபத்தோடு. 2021 அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த ஆசிமினிப் சுப்பாராவின் ஏ.டி.பி. குழிப் பக்கமே போவதில்லை. கைனேஸின் வேறொரு மூலையில் ஒட்டிக்கொண்டு அதை மடக்குகிறது. அதைக் கொண்டுவந்ததும் நோவார்ட்டிஸ்தான்.