வேதாளத்தின் வினா: அச்சக் கதைத்தொகுதிகளும் நியாய விசாரமும்

ஒவ்வொரு வாரமும் புதிய மாந்தரோடு தொடங்கி, அந்த ஓர் இரவுக்குள்ளேயே முடிந்துவிடும் தனித்தனிக் கதைகளை ஒரு பொதுப்பெயரின் கீழ் வழங்கும் தொலைக்காட்சி வகை, அமானுஷ்யத்தையும் விஞ்ஞான கற்பனையையும் தன் இரு கண்களாகக் கொண்டு, சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் உலகின் பல மூலைகளிலும் செழித்தது. அதனைக் கண்டு வளர்ந்தோர், பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், தலைப்பும் நடிகர் பெயரும் மறந்துபோன நிலையிலும், ஏதோவொரு கதையின் முடிவை மட்டும் பிசகாது எடுத்துரைப்பதை எங்கும் காண்கிறோம். அச்சமே அந்நினைவுக்குக் காரணம் என்பது பொதுவான அபிப்பிராயம். அச்சம் இக்கதைகளின் வாயில் மாத்திரமே. அவ்வாயிலினுள்ளே நடைபெறுவது நியாய விசாரம். நெஞ்சில் தங்குவதும் அவ்விசாரத்தின் தீர்ப்பே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இத்துணிபுக்கு இலங்கையின் கரையோர ஊராகிய சிலாபம் தக்கதொரு நோக்குநிலையாக அமைகிறது. 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினியும் தம் ஒளிபரப்பைத் தொடங்குவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே, இவ்வூரின் அயலிலுள்ள முன்னேஸ்வரத்துக் காளி சந்நிதியில், தமிழரும் சிங்களரும் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை முறையிட்டு, பகைவருக்குத் தண்டனை வேண்டி வந்திருக்கின்றனர். மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இச்சந்நிதியையும் உட்படுத்தி, இத்தகைய தலங்களுக்கு வருவோர் பெரும்பாலும் வஞ்சிக்கப்பட்டோம் என்னும் மனப்புண்ணோடு வருபவர்கள் என்பதைப் புலப்படுத்தினார். இத்தகைய ஊரில் அமானுஷ்ய சக்தி உண்டா, இல்லையா என்ற வினா எவரையும் உறங்காமற் செய்வதில்லை. அச்சக்தி யாரைத் தண்டிக்கும், தண்டனை தகுதியுடையோரைத்தான் சேருமா என்ற வினாவே மனத்தை அலைக்கழிக்கிறது. திரையில் தோன்றும் பேயைப் பார்க்கையிலும் எம்மூரார் முதலில் கேட்பது, அது ஏன் வந்தது, அதற்கு யார் என்ன செய்தார் என்பதே.

இவ்வினா நம் மரபுக்குப் புதியதன்று. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இடம்பெற்று, பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும் பரவிய வேதாளக் கதைகள், இன்று நாம் கதைத்தொகுதி என்று கூறும் வடிவத்தின் இலக்கணம் அனைத்தையும் உடையன. சுடுகாடு என்னும் பயங்கரக் களம், அரசன் ஒருவனின் தோளில் தொங்கும் சவத்தினின்று பேசும் கதைசொல்லி, ஒவ்வொரு நடைக்கும் ஒரு தனிக்கதை ஆகிய மூன்றும் அங்கே பொருந்தியிருக்க, அவை யாவும் கதையின் கோடியில் எழும் வினாவுக்கே பணிசெய்கின்றன. குற்றம் யாருடையது, தியாகம் யாருடையது, கன்னிகை யாருக்கு உரியவள் என்று வேதாளம் கேட்கும். விடை அறிந்தும் மௌனம் சாதிப்பின் அரசனின் தலை சிதறும். பயங்கரச் சூழலின் பயன், கேட்பவனைத் தீர்ப்புக் கூறாமல் தப்பவிடாதிருத்தல் என்பதை இக்கதைகளை வகுத்தோர் அறிந்திருந்தனர். 1985இல் ராமானந்த் சாகர் இவற்றைத் தூர்தர்ஷனுக்காகப் படைத்தபோது, பழைய வடிவம் தனக்கு இயல்பான புதிய இருப்பிடத்தை அடைந்தது எனலாம்.

மேலை நாட்டில் இவ்வகையின் தலையாய மாதிரியாகக் கொள்ளப்படும் ‘ட்வைலைட் ஸோன்’, 1959 ஒக்டோபர் முதல் 1964 ஜூன் வரை 156 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. அவற்றுள் 92 பகுதிகளை அதன் கர்த்தாவாகிய ரொட் சேர்லிங்கே எழுதினார். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் களத்தில் நின்ற அவர், மிசிசிப்பியில் 1955இல் எம்மெட் டில் என்னும் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்ட கொடுமையைத் தழுவி நாடகம் எழுதியபோது, விளம்பரதாரரின் நிர்ப்பந்தத்தால் அதன் களமும் மாந்தரும் அடையாளமிழக்குமாறு மாற்றப்பட்டன. நேரே பேச முடியாத நியாயத்தை வேற்றுலகவாசிகளின் வேடத்தில் பேசலாம் என்று அவர் கண்டது அதன் பின்னரே. 1960இல் வெளியான ஒரு கதையில், அமைதியான ஒரு தெருவின் விளக்குகள் அணைந்ததும், அயலவர் ஒருவரையொருவர் வேற்றுக்கிரகத்தார் என்று ஐயுற்று, இறுதியில் உயிரும் பறிக்கின்றனர். உண்மையான அந்நியரோ தூரத்தில் நின்று, மனிதரை அழிக்க மனிதரே போதும் என்று கண்டுகொள்கின்றனர். அயலவரே அயலவரின் வீட்டை எரித்த 1983 ஜூலையை அறிந்த இலங்கையருக்கு இக்கதையில் கற்பனை எவ்வளவு, சாட்சியம் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

குற்றமற்றோர் துன்புறும் கதைகளும் இத்தொகுதிகளில் உளவே, அங்கே நியாயம் எங்கே என்று ஆட்சேபிக்கலாம். புத்தகங்களையன்றி வேறொன்றையும் விரும்பாத வங்கி எழுத்தர் ஒருவர், அணுப்போரில் தனித்துத் தப்பி, நூலகத்தின் செல்வம் முழுவதையும் கைவரப்பெற்ற கணத்திலேயே மூக்குக்கண்ணாடி உடைந்துபோகும் 1959ஆம் ஆண்டுக் கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆயின், அக்கதையை நினைவுகூர்வோர் எவரும் அதனை அமைதியாக நினைவுகூர்வதில்லை. அம்மனிதருக்கு அது நேர்ந்திருக்கலாகாது என்றே அன்றும் இன்றும் வாதாடுகின்றனர். தவறான தீர்ப்பு, பார்ப்பவரின் நெஞ்சில் மேன்முறையீட்டைத் தூண்டுகிறது. நியாயவுணர்வு புண்பட்ட இடமே நினைவின் ஆழமான இடமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ?

1956இல் இலங்கையைத் தம் வாழ்விடமாகக் கொண்டு, 2008இல் இம்மண்ணிலேயே மறைந்த ஆதர் சி. கிளார்க், இங்கு குடியேறுவதற்கு முந்திய ஆண்டாகிய 1955இல் வெளியிட்ட ‘நட்சத்திரம்’ என்ற சிறுகதை இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. வெடித்தழிந்த விண்மீனொன்றை ஆராயச் செல்லும் இயேசு சபைத் துறவியான வானியலறிஞர், பண்பட்டதோர் இனம் அவ்வெடிப்பில் மாண்டதையும், அந்தப் பேரொளியே பெத்லகேமின் வானில் தோன்றிய தாரகை என்பதையும் கணித்தறிந்து, தம் இறைவனை நோக்கி விடையில்லாத வினாவோடு நிற்கிறார். இதனை 1985 டிசெம்பரில் புதிய ‘ட்வைலைட் ஸோன்’ படமாக்கியபோது, மாண்டோர் விட்டுச்சென்ற ஆறுதல் கவிதையொன்றை இணைத்து, துறவியின் துயரை ஆற்றினர். பண்டிகைக் காலத்துக் கருணையாக அதனைக் கருதலாமாயினும், மூலம் திறந்து வைத்த வழக்கை அது மூடிவிட்டது என்பதே என் மதிப்பீடு. 1939 முதல் தனி மறைமாவட்டமாக விளங்கும் சிலாபத்தின் கத்தோலிக்கக் குடும்பங்கள், கடலுக்குச் சென்றோர் திரும்பாத வீடுகளில் இதே வினாவைக் கேட்டு, விசுவாசத்தையும் கைவிடாது வாழ்ந்திருக்கின்றன. அவர்களுக்கு மூலக்கதையின் கடுமை அந்நியமாக இராது.

புவிநிலைச் செய்மதிகளின் வாயிலாக உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவரும் இக்கிளார்க்கே. அத்தகைய செய்மதியின் துணையோடுதான், 1990களில் சன் தொலைக்காட்சியின் தமிழ்த்தொடர்கள் பாக்கு நீரிணையைக் கடந்தன. அவற்றுள், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த ‘மர்மதேசம்’, ஒரே பெயரின் கீழ்த் தனித்தனிக் கதைகளைத் தந்தமையால் தமிழின் உண்மையான கதைத்தொகுதி ஆகும். ஆனால் ஒரு கதை ஓரிரவில் முடியாது பல மாதங்கள் நீடித்தது. வாராந்தரியில் தொடர்கதை படித்துப் பழகிய சமுதாயம் இவ்வடிவத்தைத் தன் வாசிப்பு வழக்கத்திற்கு இசைய மாற்றிக்கொண்டது என்றே இதனை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ கதையில், குற்றவாளிகளைக் கருப்பசாமியே குதிரையேறி வந்து தண்டிக்கிறார் என ஊர் நம்புகிறது; மனப்பிளவு நோய் என்ற விளக்கம் இறுதியில் வருகிறது. கொன்றவர் யார் என்பதை விஞ்ஞானம் தெளிவித்த பின்னரும், தண்டிக்கப்பட்டோர் குற்றவாளிகளே என்ற ஊராரின் கணக்குப் பொய்யாகவில்லை. அதனாலேயே கருப்பு மனத்தை விட்டகலவில்லை. தூர்தர்ஷன் தொடராகவும் வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, கதைத்தொகுதி அன்றெனினும், பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டிய எதிர்காலத்தைக் காட்டி, தெய்வத்தின் இடத்தில் அரசை நிறுத்தி அதே வினாவைக் கேட்டது.

இத்தொடர்களை நினைவுகூர்தல் பொழுதுபோக்கன்று, ஆவணப்பணி. பிரித்தானியாவில் 1962இல் போரிஸ் கார்லோவ் முன்னுரைக்க ஒளிபரப்பான ‘அவுட் ஒஃப் திஸ் வேர்ல்ட்’ தொடரில் ஒரே பகுதியின் படம் மாத்திரம் எஞ்சியுள்ளது. பிபிசியின் ‘அவுட் ஒஃப் தி அன்னோன்’ தொடரின் 49 பகுதிகளுள் பாதிக்கு மேற்பட்டவை அழிக்கப்பட்டன. நாடாவை மீண்டும் பயன்படுத்தும் சிக்கனம், ஒரு தலைமுறையின் விசாரணைக் குறிப்பேட்டையே துடைத்துவிட்டது. படம் அழிந்த இடத்தில், பார்த்தோரின் நினைவே மூலாதாரம். அந்நினைவைத் திரட்டுவோர், எந்த ஆண்டு, எந்த நடிகர் என்ற கேள்விகளோடு நின்றுவிடாது, யார் தண்டிக்கப்பட்டார், அது தகுமென்று நீர் எண்ணினீரா என்றும் கேட்பாராயின், ஒளிபரப்பு வரலாற்றோடு, அவ்வொளிபரப்பைக் கண்ட மக்களின் அறவுணர்வு வரலாறும் நம் கைக்கு வரும். முன்னேஸ்வரத்தின் முறையீடுகளைக் கேட்டு வளர்ந்த இக்கரையில் அப்பணியைத் தொடங்குவது மிகப் பொருத்தம். பார்த்த தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்தல் கடமை.