இரண்டாவது ஆள்

ரயிலின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. வண்டியிலிருந்து ஒவ்வொருவராக இறக்கிவிடப்பட்ட ஆட்களின் வரலாறாகவும் அதை வாசிக்கலாம். வட அமெரிக்காவின் மலைப்பாதைகளில் ஒருகாலத்தில் சரக்கு வண்டியின் கூரைமேல் பிரேக்மேன்கள் ஓடினார்கள். டிரைவர் விசில் கொடுத்ததும் பெட்டிக்குப் பெட்டி தாவி, சக்கரத்தைத் திருகிக் கை பிரேக்கைப் போடவேண்டும். பனியில் கால் வழுக்கினால் ஆள் காலி. 1869இல் வெஸ்டிங்ஹவுஸின் காற்று பிரேக் வந்தது. அதைக் கட்டாயமாக்கி 1893இல் அமெரிக்கா சட்டமியற்றியது. உயிர்கள் மிஞ்சின, மறுப்பதற்கில்லை. கூடவே கூரைமேல் ஆளும் தேவையில்லை என்றாயிற்று. டீசல் வந்தது, கரி அள்ளிய ஃபயர்மேன் போனார். 1980களில் வண்டியின் கடைசியில் ஆட்கள் உட்கார்ந்துவந்த பெட்டி போய், அங்கே ஒரு மின்னணுக் கருவி மாட்டப்பட்டது. எல்லாவற்றுக்கும் 'தொழில்நுட்பம்' என்றே பெயர். மிச்சம்பிடித்த கூலி யாருக்குப் போயிற்று என்ற கேள்விக்கு இந்தச் சொல்லாடலில் இடமில்லை.

கடைசியில் மிஞ்சியவர் ஒருவர். கனடாவின் கியூபெக்கிலிருந்து அப்பலேச்சிய மலைகளூடே அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்குப் போகும் பாதையில், மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் கம்பெனி 2012இல் ஒற்றை ஆள் வண்டிகளை விடத் தொடங்கியது. அரசு அனுமதித்தது. 2013 ஜூலை 5 இரவு 5 எஞ்சின்களும் 72 கச்சா எண்ணெய்த் தொட்டிகளும் கொண்ட வண்டியை நான்ட் என்ற மேட்டில் ஒரு டிரைவர் தனியாக நிறுத்தினார். 7 கை பிரேக் போட்டார். அவை தாங்குமா என்று இழுத்துப் பார்த்தபோது எஞ்சினின் காற்று பிரேக்கும் பிடித்தபடி இருந்தது. தாங்குகிறது என்றே தோன்றியது. அவர் போனபின் எஞ்சினில் தீப்பிடித்தது. அணைக்க வந்தவர்கள் எஞ்சினையும் நிறுத்தினார்கள். காற்று கசிந்தது. நள்ளிரவு 1 மணிக்குச் சற்றுமுன் வண்டி தானே உருளத் தொடங்கி, சரிவில் 11 கி.மீ. இறங்கி, 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் லாக் மெகான்டிக் ஊருக்குள் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் செத்தார்கள்.

2014 ஆகஸ்டில் வெளிவந்த விசாரணை அறிக்கை 18 காரணங்களைப் பட்டியலிட்டது. குறைந்தது 17 கை பிரேக்காவது போட்டிருக்க வேண்டும் என்றது. ஆனால் ஒற்றை ஆள் முறைதான் விபத்துக்குக் காரணம் என்று முடிவுகட்ட இயலவில்லை என்றும் சொன்னது. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். போட்ட பிரேக் அளந்து பார்க்கக் கிடைக்கிறது. 'எஞ்சின் பிரேக்கை எடுத்துட்டுப் பாருங்க' என்று சொல்லாமல்போன குரல் எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை. இன்னொருவர் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார் என்று நானும் அடித்துச் சொல்லவில்லை. சொல்வதற்கான வாய்ப்பைக் கம்பெனி சம்பளக் கணக்கிலிருந்து அடித்துவிட்டது என்கிறேன். வேலை செய்பவரே தன் வேலையைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் பொருள்.

குற்றம் மட்டும் ஆட்களைத் தேடிவந்தது. சாவுக்கு இட்டுச்சென்ற அலட்சியம் என்று டிரைவர், போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், இயக்க மேலாளர் ஆகிய மூவர் கூண்டில் நின்றார்கள். 2018 ஜனவரியில் ஜூரி மூவரையும் விடுவித்தது. அனுமதி கொடுத்த மேசை அந்தக் கூண்டில் ஏறவில்லை.

விபத்து நடந்த அதே மாதத்திலேயே, அபாயச் சரக்கு வண்டிகளில் இருவர் இருக்கவேண்டும் என்று கனடா உத்தரவிட்டது. விலக்குகளோடு அமெரிக்காவும் 2024இல் இருவர் விதியைக் கொண்டுவந்தது. அறிக்கையால் நிரூபிக்க முடியாததை அரசுகள் விதியாக எழுதிக்கொண்டன. வெகுகாலமாகத் தொழிற்சங்கங்கள் கத்திக்கொண்டிருந்ததும் இதைத்தான்.