குரங்கணி ரோடும் சைக்கிளும்



சென்ற வாரம் நம் பழைய மாணவர் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்தேன். குரங்கணிக்கு ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர், "முந்தலுக்கு மேலே சைக்கிளை விடவே கூடாது. வளைவு திரும்பினால் முன்னால் நிற்கிறார்கள். ஏதாவது ஆனால் கேஸ் எங்கள் மேல்தான்" என்று எழுதியிருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் இன்னொருவர், லீவுக்கு வரும்போதெல்லாம் சைக்கிளில் மலையேறுபவர், கோபமாகப் பதில் போட்டிருந்தார். இருவரும் ஐந்தாம் வகுப்பில் என்னிடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கடைசியில் "சார் சொல்லட்டும்" என்று என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்லை. எனக்குத் தெரிந்த பழைய கதைகளைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நம் ரோட்டின் கதை. இந்தப் பாதை மோட்டாருக்காக உண்டானது அல்ல. மலைக்கு மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரர்கள் தேயிலை போட்டபோது, அதைக் கீழே கொண்டுவர வழி தேடினார்கள். 1902 வாக்கில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடு பூட்டி இழுத்தார்கள். 1908இல் அது சிறு ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடி வரை கம்பி வடம் கட்டி, பெட்டி பெட்டியாகத் தேயிலையை இறக்கினார்கள். டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அந்த வடத்தின் மேல் நிலையம் என்பதால் வந்ததுதான். அடிவாரத்தில் இறங்கிய பெட்டிகள் மாட்டு வண்டியில் ஏறிப் போடிக்கு வந்தன. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தில், மலையாளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்வார்களே அதில், மேலே இருந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. நம் போடிக்கு ரயில் வந்தது 1928இல்.

ஆக, இந்தப் பாதையில் முதலில் நடந்தவர்கள் முதுவர்களும் சுமைக்காரர்களும். பிறகு குதிரையும் மாட்டு வண்டியும். அதன் பிறகு சைக்கிள். பஸ்ஸும் ஜீப்பும் கடைசியாக வந்த விருந்தாளிகள். விருந்தாளி வந்துவிட்டார் என்பதற்காக வீட்டுக்காரரை வெளியே போகச் சொல்வது முறையா?

உலகக் கதையும் இதேதான். இங்கிலாந்தில் 1865இல் ஒரு சட்டம் போட்டார்கள். தானாக ஓடும் வண்டி எதுவானாலும் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. முன்னால் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். குதிரையும் மனிதரும் பயப்படாமல் இருக்க அந்த ஏற்பாடு. 1888இல் அதே நாடு சைக்கிளையும் ஒரு வண்டி என்று சட்டத்தில் ஒப்புக்கொண்டது. மோட்டாருக்கு இருந்த கட்டு 1896இல்தான் தளர்ந்தது. இன்னொரு செய்தி கேட்டால் ஜீப்காரத் தம்பி சிரிப்பார்: இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் "நல்ல ரோடு போடுங்கள்" என்று சங்கம் வைத்துப் போராடியவர்கள் முதலில் சைக்கிள்காரர்கள். அவர்கள் கேட்டு வாங்கிய ரோட்டில்தான் பிறகு கார் ஓடியது.

நம் ஊரில் சைக்கிள் எப்படி இருந்தது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். வாடகை சைக்கிள் கடையில் மணிக் கணக்கில் எடுத்துத்தான் நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொந்த சைக்கிள் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை வரி கட்டி, ஒரு சின்னத் தகடு வாங்கி மாட்ட வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கிவிடுவார். தொல்லையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு மரியாதையும் இருந்தது. வரி கட்டி, விதிக்குக் கட்டுப்பட்டு, ரோட்டில் பங்கு உள்ள வண்டி என்று அரசாங்கம் நம்மை எண்ணியது.

1991இல் புதுக்கோட்டையில் நடந்ததை உங்களில் பலருக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலைக்காரர்கள், பல்லாயிரம் பேர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் போனார்கள். பிறகு 2001-02இல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் மற்ற மாணவ மாணவிகளுக்கும் அதை விரித்தது. பதினொன்றாம் வகுப்பில் உங்களில் எத்தனை பேர் அந்தச் சைக்கிளில் போனீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது நான் இதுவரை எங்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம். வீடு குரங்கணி ரோட்டோரம் ஒரு சின்ன ஊர். அந்த வழியில் பஸ் எப்போதோ ஒன்று வரும், போகும். பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் கிடைத்தது. காலையில் இறக்கத்தில் ஓட்டி வருவாள், மாலையில் ஏற்றத்தில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டு போவாள். ஒரு நாள் மாலை, வளைவில் பின்னாலிருந்து ஒரு வண்டி திடீரென்று ஹாரன் அடித்து ஒட்டி முந்தியது. பிள்ளை பயந்து ஓரத்துக்கு ஒடித்து ஓடைக்குள் விழுந்தாள். கை முறிந்தது. வண்டி நிற்கவில்லை. யார் என்றும் தெரியவில்லை.

அவள் அப்பா என்னைத் தேடி வந்தார். "என்ன செய்யட்டும் வாத்தியாரே?" என்று கேட்டார். நான் சொன்னேன், "கொஞ்ச நாள் சைக்கிளை நிறுத்தி வையுங்கள். பிள்ளை உயிர்தான் முக்கியம்."

நல்ல புத்தி சொன்னதாகத்தான் நினைத்தேன். சைக்கிள் வீட்டுக்குள் போனது. கை ஆறியது. பஸ் நேரமும் பள்ளி நேரமும் ஒத்துவரவில்லை. வாரத்தில் இரண்டு நாள், பிறகு ஒரு நாள், பிறகு இல்லை. அடுத்த ஆண்டு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் அவளைப் பார்த்தேன். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தபடிதான் கேட்டாள். அந்த ஊரிலிருந்து சைக்கிளில் வந்த மற்ற இரண்டு பிள்ளைகளையும் பெற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். தப்பாக ஓட்டியவர் யாரோ. ரோட்டை விட்டு வெளியே போனது மூன்று பிள்ளைகள். அதற்கு வழி சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று நான் போக வேண்டிய இடம் அவள் வீடு இல்லை, வேகத்தடை கேட்டு மனு கொடுக்கும் அலுவலகம். அது எனக்கு அன்று தோன்றவில்லை.

அதனால்தான் "சைக்கிளை விடக் கூடாது" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளே சுருக்கென்கிறது.

ஜீப்காரத் தம்பி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரோடு குறுகல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பயல்கள் மூன்று பேர் வரிசையாகப் பேசிக்கொண்டே ஓட்டுகிறார்கள். விளக்கு இல்லை, பின்னால் மின்னும் சிவப்பு வில்லை இல்லை. சிலர் தேய்ந்த பிரேக்கோடு இறக்கத்தில் பறக்கிறார்கள். இதெல்லாம் தப்புத்தான். விரைவுச் சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அங்கே பக்கத்தில் சர்வீஸ் ரோடு போட வேண்டும். குரங்கணிக்கு வேறு ரோடு எங்கே இருக்கிறது? இருப்பது ஒன்றுதான். மாற்று வழி இல்லாத இடத்தில் தடை போட்டால் அது போக்குவரத்து ஒழுங்கு ஆகாது, ஏழையை வீட்டில் உட்கார வைப்பது ஆகும். கொல்கத்தாவில் 2013இல் 170க்கும் மேற்பட்ட சாலைகளில் சைக்கிளைத் தடுத்தார்கள். அடிபட்டது யார்? பால்காரர், பேப்பர் போடுகிறவர், கூலி வேலைக்காரர். எதிர்ப்பு வந்த பிறகு அந்த எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

நெதர்லாந்தில் வேறு வழியில் போனார்கள். 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். பிள்ளைகளை வீட்டில் பூட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை, ரோட்டை மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். இன்று உலகம் அவர்கள் சைக்கிள் பாதையைப் பார்க்கப் போகிறது. நம் நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்தில் 1,68,491 பேர் இறந்தார்கள். சைக்கிளில் போனவர்கள் 4,800க்கும் மேல், நடந்து போனவர்கள் 32,000க்கும் மேல். இவர்களில் யார் யாரை இடித்துக் கொன்றிருக்க முடியும் என்று யோசியுங்கள்.

நம் மலைக்கு டச்சுக்காரர் மாதிரித் தனிப் பாதை போட இடம் கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நம்மிடம் ஒரு பழைய விதி இருக்கிறது. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலும் எழுதியிருந்தது: மலைப்பாதையில் இடம் போதாவிட்டால், இறங்கி வருகிற மோட்டார் வண்டி ஓரம் நின்று, ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். சட்டம் எழுதும் முன்பே மலைக்காரர்களுக்கு இது தெரியும். ஒற்றையடிப் பாதையில் வெறுங்கையோடு வருகிறவர் ஒதுங்கி நிற்பார், சுமை தூக்கி ஏறுகிறவர் நிற்காமல் போவார். யாருக்குச் சிரமம் அதிகமோ அவருக்கு முதல் வழி. ஏற்றத்தில் பெடல் மிதிக்கிற பிள்ளையைவிடச் சிரமப்படுகிறவர் அந்த ரோட்டில் யார்?

எனவே இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சைக்கிள்காரத் தம்பி, விளக்கு மாட்டு, ஒற்றை வரிசையில் போ, இறக்கத்தில் வேகம் காட்டாதே, பின்னால் வண்டி நின்றால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி விடு. ஜீப்காரத் தம்பி, வளைவில் முந்தாதே, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்காதே. இரண்டு நிமிடம் பின்னாலேயே போனால் உன் வாடகை குறைந்துவிடாது. குரங்கணியிலிருந்து போடிக்கு நீ ஓட்டும் தூரம் 16 கிலோமீட்டருக்குள்தான்.

வருகிற வாரம் முந்தலிலிருந்து மேலே ஆபத்தான வளைவுகளை எழுதி, அறிவிப்புப் பலகையும் வேகத்தடையும் கேட்டு மனு எழுதப் போகிறேன். முதல் கையெழுத்து ஜீப்காரத் தம்பி போட வேண்டும். எந்த வளைவு ஆபத்து என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இரண்டாவது அவர் பெஞ்ச் தோழர். மூன்றாவதாக நான் போடுகிறேன். சில வருடம் தாமதமாகத்தான்.

எல்லோரும் நலமாக இருங்கள். ரோட்டில் பார்த்துப் போங்கள்.

என்றும் உங்கள் வாத்தியார்.