சிறுநீர் முந்திச் சொல்லும் சேதி

மலருக்குக் கட்டுரை என்றதும் நண்பர்கள் எல்லாம் ஹாஸ்டல் நினைவுகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் ஒரு மருந்தின் சரித்திரம் சொல்கிறேன். எஞ்சினியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீங்க. கதை ஆரம்பிப்பதே எலெக்ட்ரோடில்தான்.

அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியா வளரும் திரவத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். பௌதிகக்காரர். எதோடும் லேசில் சேராத உலோகம் என்று பிளாட்டினம் எலெக்ட்ரோடு போட்டிருந்தார். பாக்டீரியா இரண்டாகப் பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. காரணம் மின்சாரம் அல்ல. எலெக்ட்ரோடிலிருந்து துளித்துளியாகக் கரைந்து உண்டான பிளாட்டினச் சேர்மங்கள். 1965-ல் இது வெளிவந்தது. செல் பிரிவதையே தடுக்கிறதென்றால் புற்றுநோய்க்குக் கொடுக்கலாமே! 1978-ல் சிஸ்பிளாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விரைப் புற்றுநோயில் அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

ஆனால் கிட்னியைப் பதம் பார்த்தது. ஆரம்பகால நோயாளிகள் பட்ட பாட்டில் மருந்தையே மூட்டை கட்டியிருப்பார்கள். சலைன் நிறைய ஏற்றி, மானிட்டாலும் கொடுத்து, ஒருவாறு சமாளித்தார்கள். கிட்னி கெடுகிறதா என்று பார்க்க ரத்தத்தில் கிரியாட்டினின் அளப்பார்கள். அதில்தான் சங்கடம். வடிகட்டும் திறன் கிட்டத்தட்ட பாதி போன பிறகுதான் அது தெளிவாக ஏறும். மோட்டார் புகைந்த பிறகு அலாரம் அடித்து என்ன பிரயோஜனம்? டோஸைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று டாக்டர் முன்னாலேயே முடிவெடுக்க வேண்டாமா?

ஒரே ஒரு பொருளை அளக்காமல், உடம்பின் ரசாயனக் கணக்கு முழுவதையும் பார்த்தால் என்ன? 1971-ல் லைனஸ் பாலிங் சிறுநீரின் ஆவியில் சுமார் 280 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். 1980-களில் லண்டனில் ஜெரமி நிக்கல்சன் குழுவினர் சிறுநீரை என்.எம்.ஆர். கருவியில் வைத்தார்கள். கொஞ்சம் சிறுநீர், சில நிமிஷம், வரைபடத்தில் நூற்றுக்கணக்கான முகடுகள்! கிட்னியின் நுண்குழாய்கள் குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் திருப்பி உறிஞ்சிக்கொள்ளும். குழாய்ச் செல்கள் அடிபட்டால் அவை சிறுநீரில் ஒழுகும். சர்க்கரை வியாதியே இல்லாதவருக்குச் சிறுநீரில் குளுக்கோஸ் வந்தால், ஒழுகும் இடத்தை ஊகிக்கலாம்.

1999-ல் இந்தத் துறைக்கு மெட்டபோனாமிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியும் மருந்துக் கம்பெனிகளும் கூட்டுச் சேர்ந்து, எலிகளில் 147 நச்சுப் பொருள்களையும் சிகிச்சைகளையும் ஆராய்ந்தன. சிஸ்பிளாட்டினுக்கு நேரடியான பதில் 2006-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவிலிருந்து வந்தது. மருந்து கொடுத்த 48 மணி நேரத்தில் சுண்டெலிகளின் சிறுநீரில் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் தெரிந்தன. கிரியாட்டினின் மாறுவதற்கு முன்னாலேயே.

2011-ல் இன்னும் ஒரு படி. குடல் புற்றுநோய்க்கு கேப்சைட்டபைன் சாப்பிடப் போகிறவர்களின் ரத்தத்தை மருந்து தொடங்கும் முன்பே என்.எம்.ஆரில் பார்த்தார்கள். சில கொழுப்புகள் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பக்கவிளைவு கடுமையாக இருந்தது. எனக்கு இதுதான் பெரிய சங்கதியாகப் படுகிறது. ஒழுகிய பின் பார்ப்பதல்ல, யாருக்கு ஒழுகும் என்று முன்கூட்டிக் கேட்பது.

இன்னும் வார்டுக்கு வந்து சேரவில்லை. ஆய்வுக்கூட எலி தினமும் ஒரே தீனி தின்னும், நாம் அப்படியா? நேற்றுச் சாப்பிட்ட மீன், இன்று போட்ட தலைவலி மாத்திரை, குடலில் இருக்கும் கிருமி, எல்லாமே சிறுநீரில் கையெழுத்துப் போடும். அதில் மருந்தின் கையெழுத்தைத் தனியே பிரிப்பது கணக்கு, கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் வேலை. அதுவரை சிஸ்பிளாட்டின் ஏற்றும் நாளில் கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் சலைன் பாட்டிலும்தான்.