நோட்டு வேண்டாம், டிக்கெட் போதும்

கடன் கேட்டு வருபவரிடம் வங்கியில் நாங்கள் முதலில் கேட்பது, "எதற்கு?" என்றுதான். அந்தக் கேள்வியோடு அலைந்த ஒருவர் நம் மைசூருக்கும் வந்திருக்கிறார். ஹெப்பாளில் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது.

1892-இல் விவேகானந்தர் இங்கே திவான் சேஷாத்ரி ஐயரின் விருந்தினர். மகாராஜா சாமராஜேந்திர உடையாரும் அவர்மேல் பெருமதிப்பு வைத்திருந்தார். விடைபெறும்போது திவான் ஒரு கட்டு நோட்டை அவர் பையில் திணிக்கப் பார்த்தார். சுவாமி வாங்கவில்லை. கொச்சிக்கு டிக்கெட் மட்டும் போதும் என்றார்.

அந்த டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் தனியே அமர்ந்து சிந்தித்தார். ஏழைகளை உயர்த்த வேண்டும், அதற்கு மேல்நாட்டில் உதவி தேட வேண்டும் என்பது அங்கேதான் தெளிவானது. பிறகு சென்னையில் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். 1893 மே 31-இல் பம்பாயில் கப்பலேறினார். செப்டம்பர் 11-இல் சிகாகோ மேடை.

மைசூரில் பணம் தானாக வந்தது, நோக்கம் இன்னும் கனியவில்லை. நோக்கம் கனிந்த பிறகு சாதாரண வீடுகளின் காசும் கடல் கடக்கத் துணையாக இருந்தது.

சம்பளம், வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று நாமும் மாதாமாதம் கணக்குப் போடுகிறோம். வாரத்தில் அரை மணி நேரம் டிவியை நிறுத்திவிட்டு, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தது எதற்கு என்று குடும்பத்தோடு உட்கார்ந்து யோசித்துப் பாருங்களேன்.