எண்ணெயும் நறுமணமும்

அழகுப் பண்டங்கள் விற்கும் கடைகளில் இக்காலத்தில் ஒரு சரக்கு தனிமதிப்புடன் வைக்கப்பட்டிருக்கிறது. சிறிய கண்ணாடிக் குப்பியில் அடைத்த எண்ணெய் அது. அதனை முகத்தில் தடவி மெல்லத் தேய்த்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தால் அழுக்கு அகலும் என்றும், எளிதில் சிவந்து எரியும் மென்மையான தோலுக்கு இம்முறையே ஏற்றது என்றும் விளம்பரங்கள் கூறுகின்றன. இதனைக் கேட்கும் முதியோர் புன்னகை புரியக்கூடும். எண்ணெயால் மேனியைத் தூய்மை செய்வது இந்நாட்டுக்குப் புதிதன்று. ஆயினும், 'இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே' என்று சொல்லி அமைந்துவிடுவதும் வரலாறு ஆகாது. அவ்வழக்கத்தில் உடலின் தேவை எவ்வளவு, செல்வத்தின் ஆடம்பரம் எவ்வளவு, இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று கலந்தன என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். வடமொழியில் எண்ணெய்க்குத் 'தைலம்' என்று பெயர். 'திலம்' என்றால் எள். திலத்திலிருந்து பெறப்படுவது தைலம். தமிழிலும் எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று. இருவேறு மொழிக் குடும்பங்கள் ஒரே பொருளை ஒரே வகையில் பெயரிட்டிருப்பது, எள்ளுக்கு இந்நாட்டு வாழ்வில் இருந்த இடத்தை விளக்கும். ஹரப்பாவின் அகழ்வாய்வில் கருகிய எள் கிடைத்துள்ளது. ஆதலின் பயிரின் தொன்மையில் ஐயமில்லை. பிற்காலத்தில் பஞ்சாப் முதல் வங்கம் வரையில் கடுகெண்ணெயும், மேலைக் கடற்கரையில் தேங்காயெண்ணெயும் மேனிக்குரியனவாயின. பொருள் மாறினும், எள்ளின் பெயர் எல்லா எண்ணெய்களுக்கும் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது.

எண்ணெய் தேய்த்துக்கொள்வதன் காரணத்தை முதன்முதல் முறையாக ஆராய்ந்தவர்கள் மருத்துவர்கள். கி.பி. முதல் நூற்றாண்டுகளில் இன்றைய வடிவத்தை எய்திய சரக ஸம்ஹிதை, நாள்தோறும் செய்ய வேண்டியவற்றுள் ஒன்றாக 'அப்யங்கம்' என்னும் எண்ணெய்த் தேய்ப்பைக் குறிக்கிறது. அதற்கு அந்நூல் காட்டும் உவமைகள் அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. எண்ணெய் ஊறிய குடம், எண்ணெய் பூசிப் பதப்படுத்திய தோல், எண்ணெயிட்ட வண்டியச்சு ஆகியவை எவ்வாறு உறுதி பெறுகின்றனவோ, அவ்வாறே உடலும் உறுதி பெறும் என்கிறது. குயவனும் தோல் தொழிலாளியும் வண்டிக்காரனும் தம் கைப்பழக்கத்தால் அறிந்த உண்மையை மருத்துவர் மனித உடலுக்குப் பொருத்திக் கண்டார் என்பது இதனால் தெளிவாகிறது.

அந்நூலாசிரியர்கள் எல்லாத் தோலையும் ஒன்றாகக் கருதவில்லை. வாத இயல்பினரின் தோல் வறண்டு சொரசொரப்பாக இருக்கும் என்றும், பித்த இயல்பினர் வெப்பம் பொறாதவர், மென்மையான மேனியர், மருவும் பருவும் மிகுந்தவர் என்றும் சரக ஸம்ஹிதை வகுத்துரைக்கிறது. எளிதில் நோகும் மென்தோலைப் பற்றிய பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்று எனலாம். ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வாக்படர் தம் அஷ்டாங்க ஹ்ருதயத்தில் நாள்தோறும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுமாறு விதிக்கிறார். சிறப்பாகத் தலை, காது, உள்ளங்கால் ஆகிய மூன்றிடங்களை எடுத்துச் சொல்கிறார். ஆனால் அடுத்தபடியாகவே, கபம் மிகுந்தவரும், செரியாமையால் வருந்துபவரும், பேதி முதலிய சுத்தி சிகிச்சை செய்துகொண்டவரும் அதனைத் தவிர்க்க வேண்டும் என்கிறார். நல்லதொன்றைப் புகழும்போதே அது யாருக்கு ஆகாது என்பதையும் கூறுவது மருத்துவரின் கடமை. விற்பனையாளரிடம் அதனை நாம் எதிர்பார்க்க இயலாது.

தேய்த்த எண்ணெயை எவ்வாறு போக்கினர்? பொடிகளைக் கொண்டு மேனியைத் தேய்ப்பதை வடமொழி மருத்துவ நூல்கள் 'உத்வர்த்தனம்' என்றன. இந்தியில் வழங்கும் 'உப்டன்' என்ற சொல்லும், மராத்தியர் தீபாவளி நீராடலில் பயன்படுத்தும் 'உடணெ' என்ற பொடியின் பெயரும் இச்சொல்லின் வழிவந்தவையே. இம்முறையின் அடிப்படை எளியது. தோலில் படியும் அழுக்கில் பெரும்பகுதி தோலின் நெய்ப்பசையோடு கலந்தே இருக்கிறது. நெய்ப்பசையை நீர் கரைக்காது, எண்ணெய் கரைக்கும். எண்ணெயும் அழுக்கும் கலந்த பின்னர்க் கடலைமாவோ பயற்றமாவோ அக்கலவையை உறிஞ்சிக்கொள்ளும். நீர் மாவை அகற்றிவிடும். தோலுக்கு வேண்டிய அளவு நெய்ப்பசை எஞ்சி நிற்கும். தமிழ்நாட்டின் சீயக்காயும் அரைப்பும் இதே தொழிலைச் செய்பவை என்பதை நேயர்கள் அறிவர்.

நுரைக்கும் பொருளையும் நம்மவர் அறியாதவர் அல்லர். வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் நகரவாசியான செல்வனின் அன்றாடத்தை விவரிக்குமிடத்து, நாள்தோறும் நீராடலும், ஒருநாள் விட்டு ஒருநாள் உடல் தேய்ப்பும், மூன்று நாட்களுக்கொருமுறை 'பேனகம்' என்னும் நுரைக்கும் பொருளும் வேண்டும் என்கிறது. நுரைப்பொருளின் பயன் தெரிந்திருந்தும் அதனை நாள்தோறும் பயன்படுத்துமாறு விதிக்கவில்லை என்பது நாம் கவனிக்கத்தக்கது.

இனி அரண்மனைக்குச் செல்வோம். கி.மு. 300-ஐ ஒட்டிப் பாடலிபுத்திரத்தில் தங்கியிருந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸின் குறிப்புகளைப் பிற்காலத்தில் ஸ்ட்ராபோ எடுத்தாண்டிருக்கிறார். மன்னன் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நால்வர் சூழ நின்று மர உருளைகளால் அவன் உடலைத் தேய்ப்பர் என்று அதில் காண்கிறோம். குடியானவன் தன் கையாலேயே செய்துகொண்டதை மன்னனுக்கு நால்வர் செய்தனர். ஆடம்பரத்தின் முதற்படி இதுவே: பொருள் மாறவில்லை; பிறருடைய உழைப்பு கூடியது.

இரண்டாம் படி நறுமணம். ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினிப் பகுதியில் வாழ்ந்த வராஹமிஹிரர், தம் பிருஹத் ஸம்ஹிதையில் வாசனைச் சேர்க்கைக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். மஞ்சிட்டி முதலிய சரக்குகளின் பொடியை எண்ணெயிலிட்டு வெயிலில் காய்ச்சினால் அது சண்பக மணம் பெறும் என்ற செய்முறையும் அதில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் ஸோமேசுவரன் இயற்றிய மானஸோல்லாஸம் என்னும் பெருநூலில், நீராடலே அரச போகங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி, அக்பரின் அரண்மனையில் வாசனைப் பொருள்களுக்கெனத் தனித்துறை இருந்ததைத் தெரிவிப்பதோடு, மணமூட்டிய உப்டனின் செய்முறையையும் தருகிறது.

இத்தேவையை நிறைவேற்ற ஊர்களும் தொழில்களும் எழுந்தன. கன்னௌஜில் மலர்களை நீரோடு செப்புக் கொப்பரையில் காய்ச்சி, அவற்றின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் செய்தனர். ஜௌன்பூர் மல்லிகைத் தைலத்துக்குப் பெயர்பெற்றது. அங்கே எள்ளையும் மலரையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய மலரை நீக்கிப் புதுமலர் இட்டு, மணம் ஏறிய எள்ளை ஆட்டி எடுத்தனர். கலைநயம் மிக்க இத்தொழில்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவற்றால் கூடியது மணம். தோலைத் தூய்மை செய்யும் ஆற்றல் மணமற்ற எண்ணெயில் எவ்வளவோ, மணமேறிய எண்ணெயிலும் அவ்வளவே.

இவ்வழக்கம் கடல் கடந்த கதையும் சுவையானது. பழைய பாடலிபுத்திரமே இன்றைய பாட்னா. அந்நகரில் 1759-ஆம் ஆண்டு பிறந்த ஷேக் தீன் முகம்மது, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றிப் பின் அயர்லாந்து சென்றார். 1794-இல் அவர் வெளியிட்ட பயண நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. 1814-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகருக்குக் குடியேறிய அவர், மூலிகை நீராவியும் உடல் தேய்ப்பும் கொண்ட குளியலகம் நடத்தினார், நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் நான்காம் வில்லியம் மன்னருக்கும் அப்பணி புரிந்தார், 1851-இல் காலமானார். அழுத்துதல், பிடித்துவிடுதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தின் 'ஷாம்பூ' பிறந்தது. கையின் தொழிலைக் குறித்த அச்சொல், காலப்போக்கில் குப்பியில் அடைத்த நுரைநீரின் பெயராகி நமக்கே திரும்பி வந்தது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சோப்பு பெருவாரியாக வந்தது. 1879-இல் மீரட்டில் சோப்பு ஆலை நிறுவப்பட்டது. 1888-இல் இங்கிலாந்தில் செய்த சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. 1918-ஐ ஒட்டி அர்தேஷிர் கோத்ரெஜ், விலங்குக் கொழுப்பு நீங்கிய, தாவர எண்ணெயாலான சோப்பைச் செய்தளித்தார். முதலாம் உலகப் போரினால் மைசூர்ச் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்படவே, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், திவான் விசுவேசுவரய்யாவின் காலத்தில், 1916-இல் சந்தன எண்ணெய் வடிக்கும் தொழில் தொடங்கிற்று. தொடர்ந்து மைசூர்ச் சந்தன சோப்பு பிறந்தது. அரசருக்கே உரியதாயிருந்த சந்தன மணம், சில அணாக் காசுக்குக் குடிமக்கள் கைக்கும் எட்டியது.

சோப்பின் தொண்டு சிறிதன்று. கைகழுவும் பழக்கத்தால் தடுக்கப்படும் நோய்கள் பல. அதனை எவரும் மறுக்க இயலாது. ஆனால் கைக்கு நல்லது முகத்துக்கும் நல்லது என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. எண்ணெயும் மாவும் பழங்காலத்துப் பழக்கம் என்று ஒதுக்கப்பட்டன. சோப்பும் எண்ணெயிலிருந்தே பிறக்கிறது. காரத்தோடு சேர்ந்து அது வேறு குணம் கொள்கிறது. தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத்தன்மை உடையது. சோப்போ காரத்தன்மை உடையது. அது அழுக்கோடு தோலின் காவலான நெய்ப்பசையையும் கவர்ந்து செல்கிறது. வலிய தோல் சில மணி நேரத்தில் அதனை ஈடுசெய்துகொள்ளும். மென்தோலால் அஃது எளிதில் இயலாது. வறட்சியும் அரிப்பும் எரிச்சலும் அதன் விளைவுகள்.

அவ்வாறாயின் பழமைக்குத் திரும்பிவிடலாமா? அறிவியல் இங்கே நமக்கு இரண்டு எச்சரிக்கைகளைத் தருகிறது. முதலாவது, எண்ணெய்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. எலிகளின் தோலில் செய்த சோதனையை 2002-இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், சூரியகாந்தி எண்ணெய் தோலின் காவலைச் செப்பனிட உதவியதையும், கடுகெண்ணெய் அதனைத் தாமதப்படுத்தியதையும் கண்டனர். வடநாட்டில் பச்சிளங்குழந்தைகளுக்குத் தலைமுறைதோறும் தேய்த்து வந்தது கடுகெண்ணெயே என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பின்னர் டாக்காவின் குழந்தைகள் மருத்துவமனையில், உரிய காலத்துக்கு முன் பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தனர். அவ்வாறு தடவப்பட்ட சிசுக்களிடையே மருத்துவமனையில் பற்றும் தொற்றுநோய்கள் குறைந்தன என்று 2005-இல் அறிவிக்கப்பட்டது. நிறைவளராத தோலின் காவல் உறுதிப்பட்டதே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. பாட்டியின் கை செய்த தொழில் சரியானது. கையிலிருந்த எண்ணெய்தான் மறுஆய்வுக்குரியது.

இரண்டாவது எச்சரிக்கை நறுமணம் பற்றியது. அழகுப் பண்டங்களால் தோலில் ஒவ்வாமை தோன்றுவதற்குரிய முதன்மையான காரணங்களுள் வாசனைப் பொருள்களும் அடங்கும் என்பது இன்றைய தோல் மருத்துவர் முடிபு. மலரிலிருந்து இயற்கையாக வடித்த மணமும் இதற்கு விலக்கன்று. அரண்மனைகள் எதனைக் கூட்டி இவ்வழக்கத்தைப் போகமாக்கினவோ, அதுவே மென்தோலுக்குப் பகையாகிறது.

ஆகவே மென்தோல் உடையவர் நாள்தோறும் செய்யத்தக்கது மிகச் சுருங்கியது. மணமும் நிறமும் சேராத, தம் தோலுக்கு ஒத்த எண்ணெயில் சில துளிகள்; முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் தடவிப் பார்க்கும் பொறுமை; அழுத்தாத விரல்கள்; சூடு மிகாத வெந்நீர்; உராயாமல் ஒற்றும் மெல்லிய துணி. பருவும் எண்ணெய்ப் பசையும் மிகுந்தவர்கள் வாக்படரின் விலக்கை நினைந்து இதனைத் தவிர்ப்பது நன்று. புண்ணோ படையோ உள்ளவர் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றில் எண்ணெய் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. நறுமணமும் பிறர் உழைப்பும் சிலருக்கே கிட்டின. இன்று கண்ணாடிக் குப்பிக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அச்சிலருக்குரியதாயிருந்த போகத்தின் விலையாகும். மேனிக்குத் தேவையானது குடத்தையும் வண்டியச்சையும் காத்த அந்தப் பழைய எண்ணெயின் குணமே. அது நம் சமையலறையின் ஒரு மூலையில், மிகக் குறைந்த விலையில், இன்றும் கிடைக்கக்கூடியதாகவே இருக்கிறது.